முள் ஏறாத ஷூ

ஷூ வாங்க வருகிறவர்கள் காலோடு வருவார்கள். டீச்சர் முள்ளோடு வருவார்.

செய்தித்தாளில் மடித்து, கைப்பைக்குள் பத்திரமாக வைத்து எடுத்து வருவார். வேலிக்காத்தான் முள். எங்கள் பக்கத்தில் ஏரிக்கரை, புறம்போக்கு, மலையடிவாரம் என்று எங்கே பார்த்தாலும் மண்டிக் கிடக்கிறதே, அந்தச் சனியன்தான். விரல் நீளத்துக்குக் காய்ந்து இறுகியதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருப்பார். நான் ஷூவை எடுத்துக் கொடுத்தால் காலில் போட்டுப் பார்க்க மாட்டார். கவிழ்த்துப் பிடித்து, அடிப்பாகத்தில் முள்ளை நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்துவார். முள் உள்ளே இறங்கிவிட்டால், "இது ஆவாது பாய், அடுத்தது குடுங்க" என்பார்.

"டீச்சர், நீங்க குத்திப் பாத்த ஷூவை நான் யாருக்கு விக்கிறது? இன்னா நியாயம் இது?"

"முள்ளு மேல நடக்காதவங்களுக்கு வித்துடுங்க பாய். ஊர்ல பாதிப் பேரு அப்படித்தானே."

என் வாய்க்கு எங்கள் கடைத்தெருவே ஒதுங்கிப் போகும். பேரம் பேசி இழுத்தடிக்கிறவனை நான் படியிறக்கி விட்டிருக்கிறேன். இந்த அம்மாளிடம் மட்டும் என் வாய் எடுபட்டதே இல்லை. பெயர் சொல்ல மாட்டேன். எழுதினது தெரிந்தால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திருவண்ணாமலையில் செருப்புக் கடை வைத்தவனுக்கு ஒரு வசதி உண்டு. பௌர்ணமிக்கு ஊரே வெறுங்காலோடு மலையைச் சுற்றும். கோயில் வாசலில் விட்டுப்போன செருப்பு, திரும்பி வரும்போது இருக்காது. தொலைத்தவர்கள் நேரே எங்கள் சந்துக்குத்தான் வருவார்கள். அத்தா காலத்திலிருந்தே அந்த வியாபாரத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அவசரத்துக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிற கூட்டம் அது. வளைத்துப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது எல்லாம் கிடையாது. அப்படிப் பழகிப்போன கடைக்குள் இவர் வந்தார்.

முதலில் வந்தது எண்பத்தொன்பதோ தொண்ணூறோ. பெண்கள் பள்ளிக்கு டிரில் டீச்சராக வந்த புதிது. நல்ல உயரம், அகலமான தோள், கழுத்தில் விசில். நின்றால் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, யாரோ தள்ளிவிட வருவதுபோல நிற்பார். கெட்டியான அடி வைத்த ஷூ வேண்டும் என்றார். "லேடீஸுக்கு அதெல்லாம் வராதும்மா. கான்வாஸ் போட்டுக்கோங்க, போதும்" என்றேன். நான் சொன்னது என்ன தப்பு? அன்றைக்கு எந்தக் கடையில் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் "சரிங்க பாய்" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஒருத்தி விடாமல் எதிர்க்கடையில் நின்று வெள்ளைக் கான்வாஸ் வாங்கினார்கள். எதிர்க்கடைக்காரன் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான், நான் இங்கே உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன். யார் வேலை இது என்று எனக்குப் புரியவே நாளாயிற்று. அடுத்த ஜூனில் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி என் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா டீச்சர், இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"முடிஞ்சுது பாய்" என்றார்.

"எது முடிஞ்சுது?"

"போன வருஷத்துது. என் காலை ஒரு வாட்டி குனிஞ்சு பாக்காமயே பதில் சொன்னீங்க இல்ல, அதுக்கு. அது முடிஞ்சுது. இப்ப ஷூ காட்டுங்க."

"பாத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளை விசாரிக்காமல் ஒரு நாளும் அவர் கடையேறியது இல்லை.

அதுதான் டீச்சர். மறக்கவும் மாட்டார், மன்னிக்கவும் மாட்டார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டு, "முடிஞ்சுது" என்று ஒரு சொல் சொல்லுவார். அதற்கப்புறம் அவர் மனதில் ஒரு கசடும் இருக்காது. அடிபட்டவனுக்குத்தான் மறக்காது.

பஸ் கண்டக்டர் கதையைக் கேளுங்கள். விளையாட்டுப் போட்டி முடிந்து டீச்சரும் பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகளும் வெயிலில் நின்று கை காட்டுகிறார்கள். பஸ் காலியாகத்தான் வருகிறது. கண்டக்டர் பார்த்துவிட்டு ரைட் கொடுத்துவிட்டான். மறுநாள் காலை டீச்சர் அதே பஸ்ஸில் முதல் ஸ்டாப்பிலேயே ஏறி உட்கார்ந்தார். டிக்கெட் வாங்கினார். பஸ் கிளம்பி வேகம் எடுத்ததும் கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஓர் ஊது. கண்டக்டர்தான் நிறுத்தச் சொல்கிறான் என்று டிரைவர் பிரேக் அடித்தார். கண்டக்டர் கத்தினான், ரைட் கொடுத்தான், பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் ஒரு விசில்.

"இன்னாம்மா பண்றீங்க? வண்டியை ஓட்ட விடுவீங்களா மாட்டீங்களா?"

"யாரோ கை காட்டினாங்க. நீங்க பாக்கல போல இருக்குது. நான் பாத்தேன்" என்றாராம் டீச்சர்.

ஒரு வாரம் அதே பஸ், அதே விசில். கடைசியில் அவன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டபோது, "முடிஞ்சுது" என்று சொல்லி இறங்கிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி தெருவில் கொட்டாவி விட்டால்கூட அந்த பஸ் நின்றது.

இப்படிப்பட்டவர் கையில்தான் தட்டு விளையாட்டு கிடைத்தது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கிய ஓர் அமெரிக்காக்காரர் கொண்டுவந்த விளையாட்டு அது. தியானத்துக்கு என்று வந்தவர். காவி வேட்டி, ஆறடிக்கு மேல் உயரம். தியானம் போக மீதி நேரத்துக்கு, அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு கிராமத்து ஓரத்தில் காய்ந்து கிடந்த புறம்போக்கில் இதை ஆரம்பித்தார். வெல்டிங் பட்டறையில் சொல்லி, இரும்புக் கம்பத்தில் கூடை வைத்து, கூடைக்கு மேல் பழைய மோட்டார் சைக்கிள் செயின்களைத் தொங்கவிட்டார். அப்படி ஒன்பது கம்பம், புதருக்கும் பாறைக்கும் நடுவே ஒவ்வொன்றும் ஒரு மூலையில். தூரத்தில் நின்று பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். தட்டு செயினில் மோதிக் கூடைக்குள் விழுந்தால் அடுத்த கம்பம். யார் கம்மியாக எறிந்து முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். பெரிய மனிதர்கள் விளையாடுகிற விளையாட்டா இது என்று நான்கூடச் சிரித்தேன்.

டீச்சர் படிக்கிற காலத்தில் ஜில்லா அளவில் வட்டெறிந்து ஜெயித்தவர். கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். ஒரு தட்டை வாங்கிச் சுழன்று எறிந்தார். வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்துவிட்டார்களாம். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போனார். அதிலிருந்துதான் என் கடைக்கும் முள் வர ஆரம்பித்தது.

விளையாட்டு சுலபம், அதற்கு ஷூ கிடைப்பதுதான் கஷ்டம் என்று நான் கற்றுக்கொண்டது அந்த நாட்களில். வெள்ளைக் கான்வாஸ் முதல் நாளே தோற்றது. முள் குத்தியது ஒரு பக்கம், எறியும்போது வலது கால் நுனியைத் தேய்த்துக்கொண்டு திரும்புகிறார் இல்லையா, சரளைக்கல்லில் உரசி நுனி கிழிந்து விரல் வெளியே வந்துவிட்டது. போலீஸ் பூட்ஸ் மாதிரி ஒன்றைக் கொடுத்தேன். முள் ஏறவில்லை. ஆனால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு திரும்ப விடவில்லை, மூன்று மணி நேரம் நடந்ததில் குதிகால் தோலை உரித்துவிட்டது. ஆணி வைத்த ஃபுட்பால் ஷூ மண்ணைக் கவ்விப் பிடித்தது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை, முட்டி பிசகிப் பத்து நாள் நொண்டினார். விலை ஜாஸ்தியான ஓட்டப்பந்தய ஷூ ஒன்று மெத்தென்று இருந்தது. மேலே வலை, கீழே பஞ்சு. மார்கழிப் பனியில் புல்லில் நடந்து தொப்பலாக நனைந்தது, முள் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே போய் வந்தது.

"எடை இருக்கக் கூடாது, முள்ளு ஏறக் கூடாது, ஈரத்துல வழுக்கக் கூடாது, கால் திரும்பணும், நுனி தேயக் கூடாது, விரலுக்கு எடம் வேணும். வெறுங்கால்லயே வளந்த காலு பாய், முன்னாடி விரிஞ்சு போச்சு" என்பார். "அப்புறம் முக்கியமானது, லேசுல கழட்ட வரக் கூடாது."

"எல்லாரும் சுளுவா கழட்ட வரணும்னு கேப்பாங்க. நீங்க ஏன் டீச்சர் தலைகீழா கேக்கறீங்க? ஒரு பிளாஸ்டிக் தட்டு எறியறதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

பொறுமை போய்க் கத்தியே விட்டேன். கரண்ட் இல்லாத மத்தியானம். கடையில் வேறு ஆள் இல்லை. டீச்சர் முள்ளைத் திரும்பச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டே சொன்னார்.

"பத்தாவது படிக்கும்போது வட்டு எறிஞ்சு ஃபர்ஸ்ட் வந்தேன் பாய். பரிசா ஷூ குடுத்தாங்க. வெள்ளை ஷூ. எங்க வீட்ல அதுவரைக்கும் யாரும் ஷூ போட்டதில்ல. கழட்டவே மனசு வரல. போட்டுக்கிட்டே பஸ்ல வந்தேன், போட்டுக்கிட்டே எறங்கினேன். நைனா பஸ்ஸாண்ட வந்து நின்னுட்டு இருந்தாரு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தெருவுக்குள்ள நொழைஞ்சிட்டோம்."

எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. நானும் இந்த ஜில்லாக்காரன்தானே. பஸ் நிற்பது ஊர்க்காரர்கள் தெருமுனையில். காலனி அந்தத் தெருவைத் தாண்டி. காலனிக்காரர்கள் அந்தத் தெருவுக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் கேட்பாரில்லாத வழக்கம். டீச்சருக்கும் தெரியும். ஜெயித்த சந்தோஷத்தில் காலில் ஷூ இருப்பதே அன்றைக்கு மறந்துபோயிற்று.

"மணியக்காரர் மகன் எதிர்ல வந்தான். அப்ப அவன் காலேஜு. ஃபிரெண்ட்ஸோட வந்தான். பைக்கை நிறுத்திக் கழட்டுன்னான். நான் முறைச்சுக்கிட்டு நின்னேன். நைனா என்னைப் பாத்தாரு. 'கழட்டிடும்மா'ன்னாரு. அவன் சொன்னதுக்கு நான் கழட்டல பாய். நைனா சொன்னதுக்குத்தான் கழட்டினேன். கையில எடுத்தேனா, ஒத்த ஷூவைப் பிடுங்கி, தெருமுனையில வேலிக்காத்தான் காடு இருக்குது பாருங்க, அதுக்குள்ள வீசினான். 'போய் எடுத்துட்டு வா'ன்னான். கூட இருந்தவனுங்க கை தட்டினானுங்க. நைனா மம்பட்டியைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னாரு. நான்தான் உள்ள போனேன்."

அவருடைய நைனாவுக்கு ஏரி மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. அந்தத் தெருக்காரர்களின் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் விட்டவர் அவர்.

"ஷூவை எடுத்தீங்களா?"

"எடுத்தேன். போடல. அடுத்த வருஷம் காலு வளந்துடுச்சி." கைப்பையை மூடினார். "ஷூ கடிச்ச எடம் ஒரு வாரத்துல ஆறிடுது பாய். கழட்டச் சொன்ன எடம் அப்படியே கெடக்குது."

தட்டு விளையாடுகிற புறம்போக்கு அந்தக் கிராமத்து ஓரத்தில்தான் என்றும், மணியக்காரர் மகன் அங்கே ஞாயிறு தவறாமல் விளையாடுகிறான் என்றும் அப்போதுதான் சொன்னார். எனக்கு அவனைத் தெரியும். ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். இங்கிலீஷ் பேசுவான். எவனோ கொடுத்துவிட்டுப் போன நீலமும் வெள்ளையுமான வெளிநாட்டு ஷூ போட்டுக்கொண்டு திரிவான். டீச்சரை அவனுக்கு அடையாளம் தெரியவே இல்லை. "வாங்க டீச்சர், சூப்பர் ஷாட் டீச்சர், நிழல்ல உக்காருங்க டீச்சர்" என்று உபசாரம் வேறு. என் கடையிலேயே ஒரு நாள் சொன்னான்: "நம்ம பக்கத்துல ஒரு பொம்பளை இப்படி ஆடறது நமக்கெல்லாம் பெருமை பாய். எந்த ஊருன்னு கேட்டா, பக்கம்தான்றாங்க."

"ஆளு இப்ப மாறிட்டாருன்னு சொல்றாங்களே டீச்சர். ஜாதி எல்லாம் பாக்கறதில்லன்னு..." என்று நான் இழுத்தேன்.

டீச்சருக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "மாறிட்டான் பாய். எனக்கும் தெரியுது. அதுதான் எரியுது. யாரைக் கேட்டுக்கிட்டு மாறினான்? என்கிட்ட வந்து சொல்லிட்டா மாறினான்? மறந்துட்டு மாறிட்டா ஆச்சா?"

அடுத்த தடவை அவன் வீட்டுக்குப் போடச் செருப்பு கேட்டு வந்தபோது, கடிக்கிற செருப்பாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிப் போனான்.

அந்த விளையாட்டில் அமெரிக்காக்காரர் ஒரு வேடிக்கை வைத்திருந்தார். ஆட்டத்தில் தோற்றவர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு திரும்பிப் போக வேண்டும். "தோத்தா, ஷூ கையில். மலைக்கு மரியாதை" என்று உடைந்த தமிழில் சொல்லிச் சிரிப்பார். மலை சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு போவதைப் பார்த்து அவருக்கு வந்த ஆசை. அவருக்கு அது விளையாட்டு. டீச்சருக்கு அந்த ஒரு வேடிக்கைதான் முழு ஆட்டமும்.

"கண்டக்டருக்கு மறுநாளே குடுத்தேன். உங்களுக்கு ஜூன்ல குடுத்தேன். இவனுக்குக் குடுக்க எனக்கு எடம் கெடைக்கல பாய். இப்ப கெடைச்சிருக்குது. அவன் தெருவுல அவன் கையில ஷூ இருக்கணும், என் கால்ல இருக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன் ஷூ."

அதற்கப்புறம் நான் அவரிடம் கத்தவில்லை. சரக்கு எடுக்க ஆம்பூர் போகிறபோதெல்லாம் என் கைப்பையிலும் ஒரு முள் போயிற்று. வெளிநாட்டுக்கு அனுப்பத் தைத்து, ஏதாவது குறை என்று ஒதுக்கிய ஷூக்கள் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஒரு குடோனில் நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து முள் குத்துவதைப் பார்த்து, "பாய்க்கு இன்னா ஆச்சு?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். காட்டிலும் மலையிலும் நடப்பதற்கென்று தைத்த ஆண்கள் ஷூ, சின்ன அளவு. கயிற்றுக்கு அடியில் வருகிற நாக்கில் தையல் கோணிவிட்டதால் ஒதுக்கியிருந்தார்கள். மேலே தடித்த தோல், நுனியில் ரப்பர் ஏறிவந்து மூடியிருந்தது, அடியில் ஆழமில்லாத வரிப்பள்ளம். கையில் தூக்கினால் கனமே இல்லை. முள்ளை வைத்து அழுத்தினேன். முள் முனை மடங்கி ஒடிந்தது. அல்லாவே என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

டீச்சர் அதையும் நம்பவில்லை. தன் முள்ளால் குத்திப் பார்த்தார். போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தார். குதித்தார், ஒரு காலில் சுழன்றார். கயிற்றை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டார். "ஆங்" என்றார். அந்த ஒரு 'ஆங்'குக்கு நான் எத்தனை ஷூவில் ஓட்டை வாங்கியிருக்கிறேன்!

அவனோடு தனியாக மோதுகிற ஆட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். "உங்க ஷூ இன்னா ஆவுதுன்னு வந்து பாருங்க பாய்." ஞாயிறு காலை போனேன். ஏழெட்டு வெள்ளைக்காரர்கள், ஒருவர் கையில் கேமரா. ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் தன் வீட்டில் இளநீர் என்று மணியக்காரர் மகன் ஏற்பாடு செய்திருந்தான். அவன் வீடு அதே தெருவில்தான். புறம்போக்கிலிருந்து அங்கே போக பஸ் நிற்கிற முனை வழியாகத்தான் போக வேண்டும்.

எனக்கு ஆட்டம் பாதிதான் புரிந்தது. ஆனால் டீச்சர் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி ஈரத்தில் வழுக்கவில்லை. பாறையில் தடுக்கவில்லை. எட்டுக் கம்பம் வரை இரண்டு பேரும் சமம். கடைசிக் கம்பம் ஒரு புளியமரத்துக்கு அந்தப் பக்கம். அவன் எறிந்த தட்டு கிளையில் இடித்துக் கீழே விழுந்தது. டீச்சர் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். பிறகு அந்தத் தோள் சுழன்றது, ஷூவின் நுனி சரளையில் கரகரவென்று உரசிக்கொண்டு திரும்பியது. தட்டு மரத்தைச் சுற்றி வளைந்து போயிற்று. நாங்கள் பார்க்கவில்லை, செயின் சத்தம்தான் கேட்டது.

அவன் கை தட்டினான். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்று இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அடுத்து நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அவனைப் பார்த்து, "இன்னா சின்னய்யா, வெறுங்கால்ல வரீங்க, வேண்டுதலா?" என்று கேட்டார்கள். "ஆமாம்மா, மலைக்கு" என்றான். இரண்டு பேர் குடத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டே விட்டார்கள்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரு பெண்பிள்ளைக்கு அவமானமாக இருந்த அதே வெறுங்கால் இவனுக்குப் பக்தியாகிவிட்டதே! இத்தனை மாதம், இத்தனை ஷூ, எல்லாம் இந்தக் கும்பிடு வாங்கிக் கொடுக்கவா?

டீச்சர் முகம் இறுகியதைப் பார்த்தேன். வேலிக்காத்தான் காடு தொடங்குகிற இடத்தில் நின்றார்.

"சார், ஒத்த ஷூவைக் குடுங்க."

இதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்து அவன் கொடுத்தான். டீச்சர் வாங்கினார். இரண்டடி பின்னால் போனார். வட்டெறிவதுபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எறிந்தார். நீலமும் வெள்ளையுமான அந்த ஷூ வெயிலில் சுழன்று போய்க் காட்டின் நடுவில் விழுந்தது.

"போய் எடுத்துட்டு வாங்க."

வெள்ளைக்காரர்கள் ஹோவென்று சிரித்துக் கை தட்டினார்கள். கேமராக்காரர் முன்னால் ஓடி வந்தார். மணியக்காரர் மகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே டீச்சரைப் பார்த்தான், காட்டைப் பார்த்தான், அவர் காலைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"நீ... மடை தொறக்கிறவன் மக இல்ல?"

இத்தனை நாள் வாய் நிறைய 'வாங்க, போங்க' சொன்னவன். அடையாளம் தெரிந்ததும் அந்த 'நீ' எங்கிருந்து வந்தது பாருங்கள்! மாறிவிட்டானாம், மாறி!

"ஆமாங்க" என்றார் டீச்சர். குரல் உயரவே இல்லை. "போங்க. எடுத்துட்டு வாங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கறாங்க."

மாட்டேன் என்று அவன் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று வெள்ளைக்காரர்கள் கேட்பார்கள். அவன் கெஸ்ட் ஹவுஸில் தங்கிச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். கை தட்டல் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். முதல் முள் ஏறியதும் 'ஸ்ஸ்' என்று அவன் இழுத்தது எங்களுக்குக் கேட்டது. ஷூவோடு வெளியே வந்தபோது இரண்டு பாதமும் ரத்தம். பாவம் என்ற சொல் என் வாயில் வரவில்லை. வயிறு குளிர்ந்தது என்றுதான் சொல்லுவேன்.

டீச்சர் அவன் முகத்தை நேராகப் பார்த்து, "முடிஞ்சுது" என்றார். பிறகு அந்தத் தெருவின் நட்ட நடுவில், ஷூ சத்தம் கேட்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். இளநீர் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த வாரம் கடைக்கு வந்தார். முள் கொண்டுவரவில்லை, நைனாவைக் கூட்டி வந்திருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, ஒட்டி உலர்ந்த மனிதர். டவுனுக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்லி டீச்சர் எத்தனையோ முறை கூப்பிட்டும் காலனியை விட்டு வராதவர். உள்ளே வரத் தயங்கிப் படியிலேயே நின்றார். நான் எழுந்து போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"சுத்தமா முடிஞ்சுது பாய். இனிமே அவன் பேச்சே இல்ல." அப்படி மலர்ந்த முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. "நைனாவுக்கு ஒரு ஷூ குடுங்க. என்னுது மாதிரியே. இருக்கறதுலயே நல்லதா."

அந்த ஆம்பூர் மூட்டையில் பெரிய அளவும் ஒரு ஜோடி வைத்திருந்தேன். நானே குனிந்து போட்டுவிட்டேன். பெரியவர் எழுந்து கடைக்குள் நடந்தார். குழந்தை நடப்பதுபோல ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். "மெத்துனு கீதும்மா" என்று மகளிடம் சிரித்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து இரண்டு விரலில் மாட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மறுபடி எழுந்து கடைக்குள் நடந்து பார்த்தார்.

"கையிலயும் பாரம் இல்ல பாய். தெருவாண்ட வந்தா தூக்கிட்டுப் போவ சுளுவா இருக்கும்."

"இப்பல்லாம் யாரும் கேக்கறதில்லயே பெரியவரே" என்றேன்.

"கேக்கறதில்லதான். நாமளே கழட்டிடறோம், அப்புறம் அவங்க எதுக்கு பாய் கேக்கணும்?" வருத்தமே இல்லாமல், மழை பெய்யுமா என்று கேட்டால் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

டீச்சர் அவர் கையிலிருந்து ஷூவை வாங்கினார். தரையில் மண்டியிட்டு அவர் காலில் போட்டார். கயிற்றை இழுத்து இறுக்கி ஒரு முடிச்சு, அதன் மேல் ஒரு முடிச்சு, அதன் மேலும் ஒன்று போட்டார்.

"இவ்ளோ இறுக்கினா எப்படிம்மா கழட்டறது?"

டீச்சர் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி விட்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாய், முடிஞ்சுதுன்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா டீச்சர்."

"முடியல" என்றார்.